காய்க்குலை

பகலில் என் வேலை லாரிகளை நிறுத்துவது.
பகாவ் ஆலையின் எடைப்பாலத்தில்
சக்கரம் ஏறியதும் எண் துள்ளும்,
துள்ளித் தடுமாறி
ஒரு மூச்சு கழித்து நிற்கும்.
நின்ற பிறகுதான் சீட்டு அடிக்கலாம்.
அந்த ஒரு மூச்சுக்குள் எத்தனை ஹாரன்.

அப்பால், கொட்டுமேட்டில்
தவசீலன் கொக்கியோடு நிற்பான்.
கறுத்த குலை, உதிரி கழலாத குலை என்றால்
ஒரு தட்டு, ஒரு சொல்:
காய்.
ஏற்றி வந்தவன் முகத்தைப் பார்க்க நேரமில்லை,
மழை கறுக்கிறது,
பின்னால் பதினொரு லாரி.

இரவில் வேறு கூட்டம்.
மீகோரெங் பொட்டலத்தை ஓரம் தள்ளி
மடிக்கணினியைத் திறந்தால்
இணையதளம் கட்டுகிறவர்கள்,
எங்கெங்கிருந்தோ, முகம் தெரியாமல்,
எதையோ உடைத்துவிட்டுக்
கையைப் பிசைந்துகொண்டு.

நேற்று குளுவாங்கிலிருந்து ஜெகதேவன்.
'வேலை செய்யல. அவசரம். யாராச்சும்.'
கேள்வியே அவ்வளவுதான்.
நிரல் ஒரு வரிகூடத் தரவில்லை.
கைப்பேசியில் கோணலாகப் பிடித்த திரையின் படம்,
அலையலையாய்க் கோடுகள்,
நடுவே அவன் வீட்டு மின்விசிறி
மங்கலாகச் சுற்றாமல் நின்றது.

எனக்கு முன்பே இருவர் தட்டிப் பார்த்திருந்தார்கள்.
முதலில் தேடிப் பார், என்று ஒருவர்.
மற்றவர் ஒரு சிரிப்பு முகம், சொல்கூட இல்லை.
என் விரலும் கொக்கியாய்த்தான் வளைந்தது.

போன மாதம் அப்படித்தான் ஒருவரிடம்
இதுகூடத் தெரியாதா என்று எழுதினேன்.
பெயருக்குப் பக்கத்தில் பட்டம் படம் வைத்திருந்தவர்.
அப்புறம் வரவே இல்லை.
அவ்வப்போது பார்க்கிறேன்,
பட்டம் அங்கேயே இருக்கிறது.

எனக்கு ஹஃபிஸ் கிடைத்தார்.
பாசிர் மாஸில் போட்டோஸ்டேட் கடை,
ஷட்டரை இறக்கிய பிறகே பதில் வரும்.
விடையைச் சொல்லித் தொலைத்தால் என்ன?
சொல்லமாட்டார். கேட்பார்.
பொத்தானை அழுத்தியதும்
பக்கம் கண் சிமிட்டுகிறதா, சும்மா இருக்கிறதா?
சும்மா என்றால் எவ்வளவு சும்மா?
என் ஓட்டை மலாய்க்கு
நிறுத்தி நிறுத்தி, சின்னச் சின்ன வாக்கியங்களில்.
மூன்று இரவு கோபத்தோடு படுத்தேன்.
நான்காம் இரவு என் கண்ணில்தான் பட்டது:
ஒவ்வொரு அழுத்தலுக்கும்
படிவம் தன்னை அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டு
நான் எழுதியதையெல்லாம் வாரிக்கொண்டு ஓடுகிறது.
ஒரே சொல்லில் நிறுத்தினேன்.

'ஹா, டா மாசாக்' என்றார்.
மாசாக் என்றால் வெந்தது,
மாசாக் என்றால் பழுத்தது.
நான் எங்கே வேலை செய்கிறேன் என்று
அவருக்குத் தெரியாது.

ஜெகதேவனுக்கு எழுதினேன்:
படம் பார்த்தேன். அழுத்தியதும் என்ன நடக்குது,
உங்க கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க.

நாற்பது நிமிடம் ஆளைக் காணோம்.
ஆலைப் புகையின் இனிப்பு நாற்றம்
சன்னல் வழி வந்து உட்கார்ந்தது.
பொட்டலத்தில் மீ ஆறி விறைத்தது.

பிறகு வந்தார்:
கரண்ட் போயிருச்சு, மன்னிக்கணும்.
மனைவியின் கேட்டரிங்குக்கான தளமாம்,
சனிக்கிழமை முதல் ஆர்டராம்.
இம்முறை படம் கொஞ்சம் நேராக,
விசிறி சுற்றுகிறது.
'வெள்ளையாவுது. திரும்ப வருது.
ஆனா எழுதினது எல்லாம் போயிடுது.'

போயிடுது.
ஓர் உதிரி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.
பதில் நாக்கு நுனியில் இருந்தது.
சொல்லிவிட்டால் படுக்கலாம், மணி ஒன்று.
சொல்லவில்லை. அது நல்லதா, தெரியாது.
சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.
எங்க போகுது? என்று கேட்டுவிட்டு
விளக்கை அணைத்தேன்.

காலையில் முதல் லாரி பாலத்தில் ஏறுகிறது.
பையில் கைப்பேசி அதிர்கிறது,
மறுபடி அதிர்கிறது.
ஓட்டுநர் ஹாரனில் கை வைக்கிறார்.
இருங்கண்ணே,
எண் இன்னும் நிற்கவில்லை.